அஞ்சப்பன் ரேகை இல்லாத ஓடு

"எத்தனை நாளைக்கும்மா இதைக் கழுவிக் கழுவி வச்சுக்கிட்டே இருக்கிறது? என்கிட்ட விடுங்க. அரைமணி நேர வேலை. ஒட்டிக் குடுத்துட்டுப் போயிட்டே இருப்பேன்."

கேட்டவர் அஞ்சப்பன். ஒட்டித் தருகிறேன் என்று அவர் சொன்னது ஓர் ஆமையின் முதுகை.

மடத்து அம்மா முறத்தில் கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். தலை நிமிரவில்லை.

"உங்களுக்கு ஒட்டத் தெரியுமா அண்ணே?"

அஞ்சப்பனுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. புன்னைத்துறையில் இந்தக் கேள்வியை அதுவரை ஒருத்தரும் அவரிடம் கேட்டதில்லை.

*

புன்னைத்துறை கடற்கரை ஊர். அங்கே கிடக்கிற பைபர் படகுகளில் அஞ்சப்பன் கை படாத படகு கிடையாது. பாறையில் இடித்து வந்தது, ஒன்றோடு ஒன்று மோதினது, வெயிலில் கிடந்து விரிசல் விட்டது, எதுவானாலும் அவர் வாசலுக்குத்தான் வரும்.

பைபர் துணியை வெட்டி வைப்பார். ரெசின் பசையைக் கலந்து பூசுவார். காய்ந்ததும் தேய்ப்பார். தேய்த்து முடித்தால், எந்த இடத்தில் உடைந்தது என்று படகுக்காரனாலேயே காட்ட முடியாது.

அதனால்தானோ என்னவோ, கடைசிப் பூச்சு இறுகுவதற்கு முன்னால் வலது கைக் கட்டைவிரலை வைத்து ஓர் அழுத்து அழுத்துவார். ரேகை பதிந்துவிடும்.

"இந்த ரேகை வழியா ஒரு சொட்டுத் தண்ணி உள்ள வந்துச்சுன்னு வந்து சொல்லு. அன்னைக்கே ரெசின் டப்பாவைக் கடல்ல போட்டுடறேன்."

இருபத்தாறு வருஷமாக அந்த டப்பா கடலுக்குப் போகவில்லை.

தொழிலுக்குப் போகிறவர்கள் அந்த ரேகையைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டுதான் படகைத் தள்ளுவார்கள். யாரும் சொல்லிக்கொடுத்த வழக்கமில்லை. தானாக வந்தது. அதைப் பார்ப்பதற்காகவே அஞ்சப்பன் விடிந்தும் விடியாமலும் கரைக்கு வந்து, வேறு எதையோ பார்க்கிற மாதிரி நிற்பார்.

அவருக்கு ஐம்பத்தெட்டு வயது. மடத்து அம்மா வேதாம்பாளுக்கு நாற்பத்திரண்டு.

வயதுக் கணக்கு அப்படி. ஆனாலும் மூன்று வருஷமாக வெள்ளிக்கிழமை தவறாமல் மடத்துக்கு வந்து அந்த அம்மா முன்னால் உட்காருகிறவர் அஞ்சப்பன்தான்.

"எனக்கு ஒரு வார்த்தை சொல்லுங்கம்மா."

"ஒரு நாளைக்குக் கையைச் சும்மா வச்சுக்கிட்டு வாங்க அண்ணே. சொல்றேன்."

அதுதான் அவரால் ஆகவில்லை.

உட்கார்ந்த பலகை ஆடும். ஆப்பு தேடி அடிப்பார். கதவு கிறீச்சிடும். எழுந்துபோய் எண்ணெய் விடுவார். அந்தப் பக்கமாகக் கோயிலுக்கு நடந்துபோகிறவர்கள் இறங்கிச் சாப்பிட்டு, படுத்து எழுந்து போகிற மடம் அது. நூறு பேர் புழங்குகிற இடத்தில் பழுதுக்கா பஞ்சம்?

"வார்த்தை கேக்க வந்தவரு வாசக்காலை இழைச்சிட்டுப் போறாரு," என்பாள் தவமணி, சமையல்கட்டிலிருந்து. மடத்துச் சமையல் அவள் கையில். அஞ்சப்பனுக்கு அண்ணன் மகள் முறை. அதனால் வாய்க்குப் பூட்டுக் கிடையாது.

அப்படித்தான் ஒரு வெள்ளிக்கிழமை கிணற்று ராட்டினத்திலும் கை வைத்தார்.

*

பழைய ராட்டினம் துருப்பிடித்து அழுதுகொண்டிருந்தது. அதைக் கழற்றி வீசிவிட்டு, இரண்டு பக்கமும் தூண் கட்டி, இரும்புச் சட்டம் போட்டு, புது ராட்டினத்தை மாட்டினார் அஞ்சப்பன். தூணில் சிமெண்டு பூசி, கட்டைவிரலை அழுத்தினார்.

"மூணு தலைமுறைக்கு நிக்கும்."

பதினோரு நாள் நின்றது.

சித்திரை மாதம். கிணற்றில் முழங்கால் அளவுதான் தண்ணீர். தவமணி வாளியை இறக்கினாள். மேலே ஏதோ முறிகிற மாதிரிக் கேட்டது. அவள் விலகினாள். சட்டமும் ராட்டினமும் வாளியும் சேர்ந்து உள்ளே போயின.

உள்ளே ஆமை இருந்தது.

தண்ணீரில் பூச்சி புழு சேராமல் இருக்கக் கிணற்றில் ஆமை விடுவது அந்தப் பக்கத்து வழக்கம். கறுப்பு ஆமை. இரண்டு கையையும் சேர்த்து விரித்தால் என்ன அளவோ அந்த அளவு. யார் விட்டது, எப்போது விட்டது என்று யாருக்கும் தெரியாது. வேதாம்பாள் அம்மா மடத்துக்கு வந்தபோதே அது இருந்தது.

ஆளை இறக்கி எடுத்தார்கள். முதுகோட்டின் குறுக்கே ஒரு விரல் நீளத்துக்கு வெடிப்பு. ஒரு சில்லு உள்ளே அமுங்கியிருந்தது. ரத்தம் மனுஷ ரத்தம் மாதிரியே இருந்தது.

அஞ்சப்பன் ஓடி வந்தார். ஆமையைப் பார்க்கவில்லை. தூணைப் பார்த்தார்.

"போல்ட்டு சரியில்லம்மா. கடைக்காரன் மட்டமான போல்ட்டைக் குடுத்திட்டான்."

அம்மா மாட்டு டாக்டருக்கு ஆள் அனுப்பினார்.

டாக்டர் வந்து பார்த்தார். உப்புப் போட்டுக் கொதிக்கவைத்து ஆறின தண்ணீரில் காலையும் மாலையும் கழுவ வேண்டும். சிவப்பு மருந்து தடவ வேண்டும். கிணற்றில் விடக் கூடாது. மணலில், ஈரம் இல்லாமல் வைக்க வேண்டும். ஈ உட்கார விடக் கூடாது.

"முக்கியமானது ஒண்ணு. மூடிடாதீங்க. புண்ணு தெறந்தே இருக்கட்டும்."

"பிழைக்குமா?" என்று கேட்டாள் தவமணி.

"அழுகாம இருந்தா பிழைக்கும்."

டாக்டர் போனதும் அம்மா ஆமையைத் தூக்கி அஞ்சப்பன் மடியில் வைத்தார். வேறு யாரையும் பார்க்கவில்லை.

அன்றிலிருந்து ஐந்தாம் நாள்தான் அவர் அந்தக் கேள்வியைக் கேட்டது. அம்மா கீரை ஆய்ந்தது.

"ஒட்டத் தெரியுமான்னா கேட்டீங்க? என்னையா கேட்டீங்க?"

"ஆமா அண்ணே."

"புன்னைத்துறையில போய்க் கேட்டுப் பாருங்கம்மா."

"புன்னைத்துறைக்குத் தெரிஞ்சது படகு." அம்மா முறத்தைப் புடைத்தார். "டாக்டர் மூடாதீங்கன்னார். கழுவுங்க."

"எத்தனை நாளைக்கு?"

"அது சொல்லும்."

"ஆமையா?"

அம்மா கீரையை எடுத்துக்கொண்டு எழுந்து போய்விட்டார்.

*

கழுவினார். மருந்து தடவினார். மீன்பெட்டி ஒன்றில் மணலைக் கொட்டி ஆமையை வைத்து, மேலே பழைய வலைத் துண்டை இரண்டாக மடித்துக் கட்டினார். ஈ நுழைய வழியில்லை.

ஆமை சாப்பிடவில்லை. நத்தை வைத்தார். மண்புழு வைத்தார். பப்பாளி வைத்தார். அவர் காலடிச் சத்தம் கேட்டாலே தலையை உள்ளே இழுத்துக்கொள்ளும்.

தவமணி வந்தால் மட்டும் மூக்கை நீட்டும்.

"அதுக்கு ஆள் தெரியுது சித்தப்பா. ராட்டினத்தைப் போட்டது யாருன்னு தெரியுது."

"போல்ட்டுடி."

"ஆமாமா. போல்ட்டு."

கடற்கரையிலும் அவரை விடவில்லை. "என்ன அஞ்சப்பண்ணே, நாற்பது அடிப் படகை ஒட்டுறீங்க, நாலு விரல் ஆமையை ஒட்ட முடியலியாமே," என்றான் ஒருவன். சிரிப்பதற்கு நாலு பேர் எப்போதும் அங்கே இருப்பார்கள்.

அந்த வெடிப்பைப் பார்க்கும்போதெல்லாம் அஞ்சப்பனுக்குக் கை அரித்தது. உடைந்த ஒன்றை உடைந்தபடியே பார்த்துக்கொண்டிருப்பது அவர் வாழ்க்கையில் நடக்காத காரியம்.

ஆறாம் நாள் அம்மா ஏதோ காரியமாக வெளியூர் போனார். திரும்பி வர மூன்று நாள் ஆகும் என்றார்.

பஸ் கிளம்பின சத்தம் தேய்வதற்குள் அஞ்சப்பன் ரெசின் டப்பாவோடு வந்துவிட்டார்.

*

நல்ல வேலை. அதை மட்டும் சொல்லத்தான் வேண்டும்.

அமுங்கின சில்லை நெம்பி மட்டத்துக்குக் கொண்டுவந்தார். பைபர் துணியைப் பூ இதழ் மாதிரி வெட்டினார். ரெசினில் கறுப்புச் சாயம் கலந்தார், ஓட்டின் நிறத்துக்கே. ரெசின் இறுகும்போது கொதிக்கும். உள்ளங்கையில் சிந்தினால் வெடுக்கென்று இழுத்துக்கொள்ள வைக்கும் சூடு. ஆமை புஸ் என்று மூச்சு விட்டது. கால்கள் மணலைப் பறித்தன.

"கொஞ்சம் பொறு. கொஞ்சம் பொறு," என்றார் அஞ்சப்பன்.

ஓட்டில் இயற்கையாக இருக்கிற கட்டங்களைக்கூட ஊசியால் கீறிக் கொண்டுவந்துவிட்டார். கடைசியில் கட்டைவிரல்.

ஊரே வந்து பார்த்தது. எங்கே உடைந்தது என்று பந்தயம் கட்டினார்கள். ஒருத்தராலும் முடியவில்லை. கரையில் கேலி செய்தவனே குனிந்து ரேகையைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டான்.

"படகு மாதிரி மினுங்குது சித்தப்பா," என்றாள் தவமணி. அவளே ஒத்துக்கொண்டுவிட்டாள்.

"மினுங்காதா பின்ன."

ஆனால் அவள் நீட்டின நத்தைக்கு அன்று ஆமை தலையை நீட்டவில்லை.

*

அம்மா வந்தார். பையைக்கூட இறக்கிவைக்காமல் பெட்டி முன்னால் உட்கார்ந்தார்.

அஞ்சப்பன் பக்கத்தில் நின்றார். நின்ற நிலையே ஒரு மாதிரி இருந்தது, கலியாண வீட்டில் பெண்ணின் தகப்பன் நிற்கிற மாதிரி.

"யார் வேலை அண்ணே?"

"நம்ம வேலைதாம்மா."

"எந்த இடத்துல உடைஞ்சிருந்துச்சு?"

"நீங்களே கண்டுபிடிங்க."

அம்மா விரலால் தடவிப் பார்த்தார்.

"தெரியல."

அஞ்சப்பனின் நெஞ்சு ஓர் அங்குலம் ஏறியது.

"ஒண்ணு கேக்கட்டுமா அண்ணே. படகு உடைஞ்சா தண்ணி எந்தப் பக்கமாப் போகும்?"

"வெளியிலேர்ந்து உள்ள வரும். அதைத்தானே அடைக்கிறோம்."

"இதுக்கு?"

அஞ்சப்பன் ஆமையின் முதுகைப் பார்த்தார்.

அம்மா பெட்டியை அவர் பக்கம் தள்ளினார்.

"மோந்து பாருங்க."

குனிந்தார். ரெசின் வாடை. அதற்கும் கீழே வேறு ஒரு வாடை. இரண்டு நாள் விற்காத மீனைத் தெரிந்தவருக்கு அது என்ன வாடை என்று சொல்லித்தர வேண்டியதில்லை.

*

டாக்டர் கத்தியை வைத்து நெம்பினார். அசையவில்லை. இன்னொரு கத்தியை எடுத்தார். அதன் முனை முறிந்தது.

"யாருய்யா ஒட்டினது? பாறை மாதிரி இருக்கு."

இருபத்தாறு வருஷத்தில் கேட்ட பாராட்டுகளில் அது ஒன்றுதான் அஞ்சப்பனுக்கு அடி மாதிரி விழுந்தது.

"என்னால ஆகாது. ஓங்கி நெம்பினா கீழ இருக்கிற நல்ல ஓடும் கூட வந்துடும். அப்புறம் ஒண்ணுமில்ல." டாக்டர் கையைத் துடைத்துக்கொண்டார். "ஒட்டினவர் எடுத்தாத்தான் உண்டு. இன்னைக்குள்ள எடுக்கணும்."

அஞ்சப்பன் வீட்டுக்குப் போய் அரத்தை எடுத்து வந்தார். இருக்கிறதிலேயே மெல்லிய அரம்.

முதலில் போனது ரேகை.

பிறகு ஊசியால் கீறின கட்டங்கள். பிறகு கறுப்பு. காலையில் உட்கார்ந்தவர் சாப்பிட எழுந்திருக்கவில்லை. மயிரிழை மயிரிழையாகத் தேய்த்தார். துணி தெரிந்ததும் அரத்தை வைத்துவிட்டு நகத்தால் நூல் நூலாகப் பிரித்தார்.

ஓர் இழை இழுத்தார். ஆமையின் பின்னங்கால் வெட்டியது.

கை நின்றது.

"ஓட்டுக்கு வலி தெரியுமாம்மா?"

அம்மா அவர் வலது கையை எடுத்தார். கட்டைவிரல் நகத்தின் மேல் தன் நகத்தை வைத்து ஓர் அழுத்து அழுத்தினார்.

"ஆ," என்றார் அஞ்சப்பன்.

அதற்குப் பிறகு அவர் இழுத்த ஒவ்வொரு இழைக்கும் ஒரு மூச்சு நேரம் நிறுத்தினார். ஆமையின் கால் அடங்கின பிறகு அடுத்த இழை.

வெயில் சாயும்போது கடைசித் துண்டு வந்தது. அதோடு சீழும் வந்தது. டாக்டர் கழுவினார். ஊசி போட்டார். ஏழு நாளைக்கு ஊசி என்றார். பிழைக்கும் என்று இந்தத் தடவை சொல்லவில்லை.

எல்லாரும் போன பிறகு அஞ்சப்பன் மணல் பெட்டிப் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தார்.

"போல்ட்டு நல்ல போல்ட்டுதாம்மா."

அம்மா உப்புத் தண்ணீர்ச் சட்டியைக் கொண்டுவந்து பக்கத்தில் வைத்தார்.

"சிமெண்டு பச்சையா இருந்துச்சு. காய விட்டிருக்கணும். மூணாம் நாளே சட்டத்தை ஏத்திட்டேன். வெள்ளிக்கிழமை நீங்க பார்க்கணும்னு."

"கழுவுங்க அண்ணே," என்றார் அம்மா. "தண்ணி ஆறிடுச்சு."

*

கழுவினார்.

வைகாசி போனது. ஆனி போனது.

கிணற்றில் ராட்டினம் இல்லை. தவமணி கையாலேயே கயிற்றை இழுத்து இறைத்தாள். இழுக்கிற ஒவ்வொரு தடவையும் "போல்ட்டு, போல்ட்டு" என்று சொல்லிக்கொண்டே இழுத்தாள். அஞ்சப்பன் பதில் சொல்லவில்லை. சொல்லாததால் நாலு நாளில் அவளே நிறுத்திவிட்டாள்.

ஆமை இறக்கவில்லை. சாப்பிடவும் இல்லை.

"எப்பம்மா சரியாகும்?"

"அதைக் கேளுங்க."

கேட்டேவிட்டார். பெட்டிக்கு முன்னால் குனிந்து, "எப்ப?" என்றார். அது தலையை உள்ளே இழுத்துக்கொண்டது.

"பதில் சொல்லிடுச்சு சித்தப்பா," என்றாள் தவமணி.

ஒரு விஷயம் அவர் கண்ணில் பட்டது. ஆமை பயந்தது அவரைப் பார்த்து இல்லை. அவர் கையைப் பார்த்து. நத்தையை நீட்டுகிற கை, பெட்டியை நகர்த்துகிற கை, வலையைச் சரிசெய்கிற கை. கை அசைந்தால் தலை போய்விடும்.

ஆகவே நத்தையை வைத்துவிட்டு, இரண்டு கையையும் மடியில் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார். பலகை ஆடியது. ஆடட்டும் என்று விட்டார். கதவு கிறீச்சிட்டது. அதையும் விட்டார்.

முதல் நாள் ஒன்றும் நடக்கவில்லை. மறுநாளும் இல்லை. ஒன்பதாம் நாள் மூக்கு வந்தது. பிறகு கண். பிறகு சுருக்கம் சுருக்கமாகக் கழுத்து. நத்தையைக் கவ்வி, ஓடு நொறுங்க மென்றது.

மெல்லுகிற சத்தம் அவ்வளவு நன்றாக இருக்கும் என்று அஞ்சப்பனுக்கு யாரும் சொன்னதில்லை.

அந்தப் பக்கமாக வந்த அம்மா, அவர் மடியில் கிடந்த கைகளைப் பார்த்தார். காலடிச் சத்தம் போடாமல் திரும்பிப் போனார்.

அன்று வெள்ளிக்கிழமை. வார்த்தை கேட்க வேண்டும் என்பது அஞ்சப்பனுக்கு மறந்துபோயிருந்தது.

*

ஐப்பசியில் மழை பிடித்தது. பெட்டியை உள்ளே எடுத்து வைக்க வேண்டும்.

தவமணி குறுக்கே நின்றாள். "வேணாம்மா. ஆமையை உள்ள விட்டா ஆகாதுன்னு சொல்லுவாங்க. கிணத்துல கிடந்தது வேற. வீட்டுக்குள்ளயா?"

"இது வீடு இல்ல தவமணி. மடம்," என்றார் அம்மா. "யாரு என்னன்னு கேட்டு உள்ள விட ஆரம்பிச்சா நீ யாருக்குச் சமைப்ப?"

பெட்டி உள்ளே வந்தது. அடுப்புக்குப் பக்கத்தில், சூடு படுகிற இடத்தில். இடத்தைக் காட்டினது தவமணிதான்.

மழை விட்டது. மாசி, பங்குனி. காலையும் மாலையும் கழுவுவது, நாளைக்கு ஒரு தடவையாகி, வாரத்துக்கு இரண்டு தடவையானது. சித்திரை வந்தபோது, உடைந்த அந்தச் சில்லின் ஓரம் மெல்ல மேலே தூக்க ஆரம்பித்தது.

அஞ்சப்பன் டாக்டரைக் கேட்டார். கேட்டுவிட்டுத்தான் மூச்சு விட்டார்.

"அது செத்த ஓடு. கீழே புதுசு வந்திருந்தா தானா விழும். வந்திருக்கலைன்னா விழாது. பிச்சுடாதீங்க."

சோற்றுப் பருக்கை நுழைகிற அளவு தூக்கியது. பிறகு நகம் நுழைகிற அளவு.

நகம் நுழைகிற அளவு என்று தெரிந்ததே, நகம் அதன் பக்கத்தில் போனதால்தான். போன கையை இழுத்துக்கொண்டார். கொஞ்ச நேரத்தில் மறுபடி போனது. கடைசியில் வலது கையைத் தொடைக்கு அடியில் வைத்து அதன் மேலேயே உட்கார்ந்துவிட்டார்.

"என்ன சித்தப்பா, கையைக் குஞ்சு பொரிக்க வச்சிருக்கீங்களா?"

"உன் வேலையைப் பாருடி."

பத்தொன்பது நாள் அது அப்படியே தூக்கிக்கொண்டு நின்றது. இருபதாம் நாள் காலையில் வந்து பார்த்தபோது சில்லு மணலில் கிடந்தது.

அது இருந்த இடத்தில் புதிதாக ஒன்று வளர்ந்திருந்தது. பழுப்பும் வெள்ளையுமாக, மேடு பள்ளமாக, சுக்குத் துண்டு மாதிரி.

அஞ்சப்பன் தொடவில்லை. ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டே இருந்தார்.

*

ஆமையைக் கிணற்றில் விடுகிற நாளைக்கு ஊர் திரண்டுவிட்டது. நாட்டாரும் வந்தார். ஊர்ப் பெரியவர், ஏழு படகு அவருக்கு.

புது ராட்டினம் ஏறியிருந்தது. தூணில் சிமெண்டு பூசி, ரேகை வைத்து, இருபத்தெட்டு நாள் சாக்கை நனைத்துப் போட்டுக் காயவைத்திருந்தார் அஞ்சப்பன். அதுவரை ஒரு காக்கையைக்கூட அதன் மேல் உட்கார விடவில்லை. சட்டத்தை ஏற்றிய அன்று முதலில் தானே அதில் தொங்கிப் பார்த்தார். தவமணி சிரிக்கவில்லை.

நாட்டார் பெட்டிக்குள் எட்டிப் பார்த்தார்.

"என்னடா அஞ்சப்பா இது. உன் வேலையா இப்படி? சொறி பிடிச்ச மாதிரி இருக்கு. போன வருஷம் ஒட்டினியே, அது என்ன அழகு. எங்கே உடைஞ்சதுன்னு சின்னப் பிள்ளைகூடக் காட்டிடுமே இப்ப."

"ஆமாண்ணே. காட்டிடும்."

"மேல லேசா ஒரு பூச்சாவது பூசி விடேன்."

"தொட்டுப் பாருங்க."

நாட்டார் விரலை நீட்டினார்.

"மெதுவா," என்றார் அஞ்சப்பன். "அதுக்குத் தெரியும்."

நாட்டார் தொட்டார். ஆமை தலையை இழுத்துக்கொள்ளவில்லை. அஞ்சப்பன் முகத்தைப் பார்த்தபடி கழுத்தை நீட்டிக்கொண்டே இருந்தது. நாட்டார் அந்த மேட்டில் இப்படியும் அப்படியும் ரேகையைத் தேடினார். பழக்கம். தொட்டால் கண்ணில் ஒற்றிக்கொள்ள வேண்டும்.

"ரேகை எங்கடா?"

"இல்லண்ணே."

"மறந்துட்டியா?"

"என் வேலை இல்ல அது."

வாளியில் வைத்து இறக்கினார்கள். ராட்டினம் சத்தமே போடாமல் சுற்றியது. வாளி தண்ணீரைத் தொட்டதும் ஆமை ஒரு காலை வெளியே போட்டது. பிறகு இன்னொன்று. கறுப்பு முதுகு தண்ணீருக்குள் இறங்கியது. அந்தச் சுக்குத் துண்டு மட்டும் வெகு ஆழம் வரை வெள்ளையாகத் தெரிந்தது.

கூட்டம் கலைந்தது. நாட்டார் போனார். தவமணி இரண்டு வாளி இறைத்துக்கொண்டு போனாள். போகும்போது தூணில் இருந்த ரேகையை ஒரு விரலால் தொட்டுவிட்டுப் போனாள், யாரும் பார்க்கவில்லை என்று நினைத்து.

அஞ்சப்பன் கிணற்றங்கரையில் நின்றுகொண்டே இருந்தார். தோள் இரண்டும் அகன்று, தாடை உயர்ந்து. இருபத்தாறு வருஷத்தில் எந்தப் படகைத் தள்ளிவிட்டும் அவர் அப்படி நின்றதில்லை.

வேதாம்பாள் அம்மா பக்கத்தில் வந்தார்.

"உங்க வேலை இல்லன்னீங்க."

"இல்லதாம்மா."

"பின்ன எதுக்கு அண்ணே நெஞ்சை இவ்வளவு நிமித்திக்கிட்டு நிக்கிறீங்க?"

அஞ்சப்பன் கிணற்றுக்குள்ளிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"பத்தொன்பது நாள் அந்தச் சில்லு தூக்கிக்கிட்டு நின்னுச்சும்மா. கை வைக்காம இருந்தது யாரு? நான்தானே."